பூண்டும் புழுவும்

வயிற்றுப் பூச்சிக்கு வெள்ளைப்பூண்டு கொடுக்கலாமா என்பது நம் அங்கத்தினர் பலர் அடிக்கடி கேட்கும் கேள்வி. தறியில் இருப்போரும் கேட்கிறார்கள். ஏர் பிடிப்போரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்தாயிற்று என்று வாளா இருந்துவிடக் கூடாது என்பதே என் பதில். இச்சிறு பதிலுக்கு இவ்வளவு பெரிய கட்டுரை எதற்கு என்று நினைக்க வேண்டாம். பதிலின் முற்பாதியை நாம் யாவரும் கைக்கொண்டிருக்கிறோம், பிற்பாதியைக் கைவிட்டிருக்கிறோம். அதனால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவத்தின் மேல் மதிப்புள்ள மண் நம் முத்துப்பேட்டைப் பகுதி. ஜாம்பவானோடை தர்காவில் அடங்கியிருக்கும் ஷெய்கு தாவூது அவர்களை மக்கள் இன்றும் ‘ஹக்கீம்’, அதாவது வைத்தியர், என்று சொல்லியே போற்றுகின்றனர். அப்படிப்பட்ட ஊரில் பூண்டுக்கு மதிப்பு இருப்பது வியப்பன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, வாயுத் தொல்லைக்குப் பூண்டுப் பால், சளிக்குச் சுட்ட பூண்டு என்று அது நம் அடுக்களையிலேயே குடியிருக்கும் வைத்தியராக விளங்குகிறது. எங்கள் வீட்டில் என் பாட்டியார் குழந்தைகள் பல்லைக் கடித்தாலும், சோறு இறங்காமல் அடம் பிடித்தாலும், வயிற்றில் பூச்சி என்று தீர்மானித்துவிடுவார். காலையில் வேப்பங்கொழுந்து உருண்டை, இரவில் பூண்டு, மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய். நாங்கள் பிழைத்து வளர்ந்தோம். ஆகவே அந்த வைத்தியம் பலித்தது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். வளராமற் போன பிள்ளைகளின் கணக்கை அந்நாளில் எவரும் எழுதி வைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நெசவாளர் ஒருவரின் மகள், பன்னிரண்டு வயது. படிப்பில் சுறுசுறுப்பான பிள்ளை சிறிது சிறிதாகச் சோர்ந்து போனாள். பள்ளிக்கு நடந்து போனால் மூச்சு இரைத்தது. உதடும் நகமும் வெளுத்தன. அடுப்புக் கரியையும் பச்சை அரிசியையும் களிமண்ணையும் ஒளித்து வைத்துத் தின்றாள். வயிற்றில் பூச்சிதான் என்பதைத் தாய் சரியாகவே கண்டுகொண்டார். நான்கு மாத காலம் நாள் தவறாமல் பூண்டை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தார். பள்ளியில் மாத்திரை கொடுத்த அன்று, “மாத்திரை சூடு, வேண்டாம்” என்று சொல்லிப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் பிள்ளை தெருவில் மயங்கி விழுந்தாள். சோதித்துப் பார்த்ததில் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுக்குச் சற்று மேலே இருந்தது. மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் நிறைந்திருந்தன. புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்த சில மாதங்களில் அவள் தேறிவிட்டாள். ஆனால் அந்தத் தாய் என்னிடம், “நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லையே, ஐயா!” என்று சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. உண்மைதான். அவர் அக்கறையில் குறைவில்லை. அந்த அக்கறை முழுவதும் நான்கு மாத காலம் பூண்டிலேயே செலவாகிவிட்டது. அதுவே நேர்ந்த தவறு.

இந்தப் புழு வயிற்றுக்குள் வரும் வழியை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கொக்கிப்புழு உள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழித்தால், அதிலுள்ள முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களாகின்றன. வெறுங்காலோடு அங்கே வருபவரின் தோலைத் துளைத்து அவை உள்ளே நுழைகின்றன. பின்னர் இரத்தத்தோடு கலந்து நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலை அடைந்து, அதன் சுவரைக் கவ்விக்கொள்கின்றன. கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஆர்தர் லூஸ் என்பவர், 1898-ல் தம் கைமேல் இந்த நுண்புழு நீர் தற்செயலாகச் சிந்தியதைக் கொண்டே தோல்வழி நுழைவைக் கண்டறிந்தார். வாய்வழியாக மட்டுமே பூச்சி சேரும் என்று எண்ணியிருந்த உலகம் அதுவரை காலைக் கவனிக்கவில்லை.

காவிரியின் கடைமடையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நீர் நிரம்பி நிற்கும் நடவு வயலில் இந்த முட்டைகள் நன்றாக வளர்வதில்லை. நீருக்குள் அமிழ்ந்த நிலை அவற்றுக்கு ஒத்துவராது. அவை விரும்புவது வரப்போரம், வாய்க்கால் கரை, தென்னந்தோப்பின் நிழல், கொல்லைப்புறப் புதர் ஆகிய இடங்களையே. அதாவது நாம் ஒதுங்கப் போகும் இடமே புழு காத்திருக்கும் இடமாகவும் இருக்கிறது. நாற்று நடும்போது செருப்பு அணிய இயலாது. அது எல்லோரும் அறிந்ததே. ஆனால் தோப்புக்குப் போகும்போது அணிய இயலும். மேற்சொன்ன நெசவாளர் வீட்டிற்குப் பின்னாலும் ஒரு தென்னந்தோப்பு இருந்தது.

இனி இரத்தக் கணக்கைப் பார்ப்போம். கொக்கிப்புழுவில் மனிதரைப் பற்றும் முக்கிய இனங்கள் இரண்டு. ஒன்று, புழு ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 0.03 மில்லி லிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது, மற்றொன்று 0.15 முதல் 0.2 மில்லி லிட்டர் வரை. முதல் இனத்தில் நூறு புழுக்கள் ஒரு வயிற்றில் இருந்தால் நாள் ஒன்றுக்கு 3 மில்லி லிட்டர்; மாதத்தில் 90 மில்லி லிட்டர். இரண்டாம் இனமானால் அதன் ஐந்து மடங்குக்குக் குறையாது. பழைய சோறும் ஊறுகாயும் உண்டு வேலைக்குப் போகும் பெண்ணின் உடலால் இந்த இழப்பை எவ்வாறு ஈடுசெய்ய முடியும்? மாத விலக்கிலும் பிரசவத்திலும் இழப்பது வேறு. நடவுக்குக் குனிந்தவள் நிமிரும்போது கண் இருட்டுகிறது. தறியில் மிதி மிதிப்பவனின் கால் நடுப்பகலிலேயே தளர்கிறது. சோம்பல் என்றும் விதி என்றும் அதற்குப் பெயர் சூட்டுகிறோம். கூலியிலும் சேலைக் கணக்கிலும் குறைவது வட்டிக் கடனைப்போல் கண்ணுக்குத் தெரியாமலே குறைந்து வருகிறது. மண்ணின் மூலம் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களிடம் உள்ளன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இப்போது பூண்டுக்கு வருவோம். அதனிடம் சக்தியே இல்லை என்று சொல்வது நியாயமன்று. முழுப் பூண்டுப் பல்லில் மணம் குறைவு. நசுக்கியதும் மூக்கைத் துளைக்கிறது. பல்லுக்குள் தனித்தனியே இருந்த ஒரு கந்தகப் பொருளும் ஒரு நொதியும் நசுக்கும்போது ஒன்று சேர்ந்து, அல்லிசின் என்னும் புதிய பொருள் உண்டாவதே அதற்குக் காரணம். இதனை 1944-ல் அமெரிக்காவில் காவல்லிட்டோ, பெய்லி என்னும் இருவர் பிரித்தெடுத்து, கிருமிகளை ஒடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டெனக் காட்டினர். சீதபேதி அமீபா, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா ஆகிய ஒட்டுண்ணிகளையும் அல்லிசின் சோதனைக் குழாயில் தடுத்திருக்கிறது. எகிப்தில் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் செய்து 1991-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஜியார்டியாவுக்கும் ஒரு வகைக் குறு நாடாப்புழுவுக்கும் பூண்டுச் சாறு பயன்பட்டதாகக் கூறியது. பாட்டிமார் பூண்டை நம்பியது வெறும் மூடநம்பிக்கை அன்று என்பதற்கு இவை போதும்.

ஆனால் சோதனைக் குழாய் வேறு; மனிதரின் குடல் வேறு. அல்லிசின் நிலைத்து நில்லாத பொருள். வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதியே அழிந்துபோகிறது. பச்சையாக விழுங்கினாலும் அது புழு கவ்வியிருக்கும் இடத்தைச் சென்று அடைவதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. மேலும், அமீபா ஒற்றை உயிரணு. கொக்கிப்புழுவோ தோலும் தசையும் பல்லும் உடைய விலங்கு. ஒன்றைக் கொல்வது மற்றொன்றைக் கொல்லும் என்று எண்ணுவது, நெல்லில் புகையானுக்குத் தெளித்த மருந்து எலியையும் கொல்லும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். மனிதரின் கொக்கிப்புழுவைப் பூண்டு ஒழிக்கும் என்று மெய்ப்பித்த நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. ஆடு வளர்க்கும் அங்கத்தினர்கள் இதையும் கவனிக்கலாம்: ஆட்டுக் குட்டிகளின் குடற்புழுக்களைப் பூண்டும் பப்பாளியும் கட்டுப்படுத்துகின்றனவா என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, கட்டுப்படுத்தவில்லை என்று 2009-ல் வெளியிட்டிருக்கின்றனர்.

‘நம் நாட்டு வைத்தியம் என்றால் இவர்களுக்கு இளக்காரம்’ என்று சிலர் மனத்தாங்கல் கொள்ளக்கூடும். அவர்களுக்கு ஓமத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். கொக்கிப்புழுவுக்கு உலகம் முதன்முதலாகப் பரவலாகக் கையாண்ட மருந்து தைமால் என்பது. இத்தாலிய மருத்துவர் பொசோலோ அதனை 1879-ல் புகுத்தினார். அந்தத் தைமால் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் ஓமத்திலிருந்துதான்! முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே அதிலிருந்து தைமாலை வடித்தெடுத்தார்கள். ஆகவே அடுக்களைப் பொருளில் மருந்து இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஓம வாட்டரைக் குடித்ததால் எவருக்கும் கொக்கிப்புழு ஒழியவில்லை. ஓமத்தைப் பிழிந்து, சாரத்தைத் தனியே எடுத்து, கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்தபோதே புழு விழுந்தது. அவ்வளவு கொடுத்தபோது நோயாளிக்கும் அபாயம் வந்தது. எண்ணெயோ மதுவோ உடன் சேர்ந்தால் மருந்து உடம்பில் ஊறி விஷமாகும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பிற்காலத்தில் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் தைமால் ஒதுங்கிற்று. மருந்து என்பது பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது என்பதே ஓமம் கற்பிக்கும் பாடம்.

நம் சித்த வைத்தியமும் இதையே சொல்கிறது. புழு நீக்கத்துக்கு அது முன்னிறுத்துவது முருக்கன் விதை, வாய்விளங்கம் முதலியவற்றை. அவற்றையும் சுத்தி செய்து, வயதும் உடல்வலிவும் பார்த்து, அளவோடு கொடுக்கச் சொல்கிறது. அடுக்களையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பது சித்த வைத்தியமும் அன்று. சித்த முறையில் நம்பிக்கை உடையவர்கள் தாராளமாக அம்முறையையே நாடலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்த மருத்துவர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் போய், என்ன புழு என்று சோதித்து அறிந்த பிறகு மருந்து பெறுவதே முறை.

புழுவை ஒழிக்க நம் பகுதியில் முயற்சி நடந்ததே இல்லை என்று எண்ண வேண்டாம். 1920-களிலேயே ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடைபெற்றது. அதற்கும் முன்பே, 1916-ல், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே இத்தகைய பணி தொடங்கியது. அந்தப் பணிகள் தந்த அனுபவம் எங்கும் ஒன்றே. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. ஆனால் கழிப்பிடம் வராத இடங்களில் அதே மண்ணிலிருந்து புழு மறுபடி ஏறிவிட்டது. மடை உடைந்து வயலுக்குள் வெள்ளம் வரும்போது, உடைப்பை அடைக்காமல் நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் பயிர் பிழைக்குமா? மருந்து இறைப்பு, கழிப்பிடம் அடைப்பு. இரண்டும் வேண்டும். பூண்டோ, கையால் அள்ளி ஊற்றும் நீர் போன்றது. அள்ளுவதில் தவறில்லை, அள்ளுவதோடு நின்றுவிட்டால் வயல் மூழ்கும்.

இன்று நமக்குக் கிடைத்துள்ள இறைப்பு நல்லது, அதோடு இலவசமானது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு 400 மில்லி கிராம். அதற்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி. உருண்டைப்புழுவுக்கு இம்மாத்திரை மிகவும் நன்றாகப் பலிக்கிறது. கொக்கிப்புழுவுக்குப் பெரும்பாலும் பலிக்கிறது. சாட்டைப்புழுவுக்கு ஒரே மாத்திரை அவ்வளவாகப் போதாது. குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். பூண்டைப்பற்றி இப்படி இன்ன புழுவுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் கணக்கே இல்லை. மாத்திரை சூடு என்பது வீண் அச்சம். சிலருக்குச் சிறிது வயிற்று வலியோ குமட்டலோ வரலாம். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். கர்ப்பிணிகளும், அன்று காய்ச்சலாகவோ நோயாகவோ இருக்கும் பிள்ளைகளும் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டவே முக்கியமாக இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். உருண்டைப்புழு குழந்தைகளிடம் மிகுதி. கொக்கிப்புழுவோ வயதேற ஏற மிகுதியாகும் இயல்புடையது. மாத்திரை பள்ளிக்கு வருகிறது. வயலுக்கும் தறிக்கும் வருவதில்லை. தமிழகத்தில் சில சுற்றுகளில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் வழங்கியிருக்கிறார்கள், அது வரவேற்கத்தக்கது. எனினும் நாற்பது வயது நடவுப் பெண்ணையும் ஐம்பது வயது நெசவாளரையும் எவர் அழைக்கிறார்? பிள்ளை மாத்திரை தின்று புழு நீங்கி வீட்டுக்கு வருகிறாள். தந்தையோ தோப்பு மண்ணுக்குப் புது முட்டை கொடுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தைகளுக்கு மட்டும் கொடுப்பது நல்லதா, ஊர் முழுமைக்கும் கொடுப்பது நல்லதா என்பதை ஆராய 2017-ல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில் பெனின், மலாவி நாடுகளோடு நம் தமிழகமும் இடம்பெற்றது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதனை இங்கே நடத்திற்று. உலக அறிஞர்களே பொருட்படுத்திய கேள்வியை நாம் நம் ஊரளவில் பொருட்படுத்தாதிருக்கலாமா?

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கூட்டுறவுக்காரர்கள் அதைக் கேளாமல் விடமாட்டார்கள். பூண்டு நம் டெல்டாவில் விளைவதில்லை. கொடைக்கானல், நீலகிரி மலைகளிலிருந்து வடுகபட்டி, மேட்டுப்பாளையம் சந்தைகள் வழியாகவும், வடநாட்டிலிருந்து லாரிகளிலும் நமக்கு வந்து சேர்கிறது. 2024-ன் தொடக்கத்தில் அதன் விலை கிலோ நானூறு ரூபாய்க்கு மேல் ஏறியதை நாம் மறக்கவில்லை. அந்த விலையிலும் புழுவுக்கென்று தினம் பூண்டு வாங்கிய குடும்பங்கள் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் மாத்திரையை வேண்டாமென்று தள்ளி, விலை கொடுத்து வாங்கிய பூண்டை நம்பி, கடைசியில் இரத்தம் ஏற்றுவதற்குக் கடன் வாங்குவது எந்த ஊர்ச் சிக்கனம்?

இது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தீர்த்துக்கொள்ளக்கூடிய காரியமும் அன்று. என் வீட்டுப் பூண்டு என் வீட்டாருக்கு மட்டும். புழுவோ வரப்பும் வேலியும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டார் ஒதுங்கும் தோப்பில் என் பிள்ளை விளையாடுகிறாள். நான் கட்டிய கழிப்பிடம் அடுத்த வீட்டாரையும் காக்கிறது. அவர் கட்டாத கழிப்பிடம் என் வீட்டையும் கெடுக்கிறது. கூட்டுறவின் அடிப்படையே இதுதானே! 1904-ல் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் திரூரில் தோன்றியபோது, அது எதிர்த்து நின்றது உழவனின் இரத்தத்தை உறிஞ்சிய வட்டி என்னும் ஒட்டுண்ணியை. ஒருவராய் நின்று அதை விரட்ட முடியவில்லை. பலராய்ச் சேர்ந்தபோது விரட்ட முடிந்தது. அந்த வழக்கம் உடைய நமக்கு இந்தப் புழு ஒரு பொருட்டன்று.

ஆகவே நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்குச் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை, சம்பா நடவு தொடங்கும் முன், சங்கக் கட்டடத்திலேயே ஒரு மருத்துவ முகாம் நடத்த ஆரம்ப சுகாதார நிலையத்தாரை வேண்டிக்கொள்ளலாம். மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் அங்கே நடந்தால், பள்ளி வயதைக் கடந்தோர்க்கும் மருத்துவரின் பார்வையில் மருந்து கிடைக்கும். இரண்டாவது, வீட்டுக் கழிப்பிடத்துக்கு 2014 முதல் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. கட்டி முடிக்க அது போதாத அங்கத்தினர்க்குச் சங்கம் சிறு கடன் கொடுத்து உதவலாம். கட்டிய கழிப்பிடத்தில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருப்போரிடம் அன்பாக எடுத்துச் சொல்வதும் நம் கடமையே. மூன்றாவது, சங்கப் பண்டகசாலையில் உரமும் நூலும் வைத்திருப்பதுபோல் குழந்தைகளுக்கும் பெரியோர்க்கும் ரப்பர் செருப்புகளை அடக்க விலைக்கு வைக்கலாம். நான்காவது, பள்ளியில் மாத்திரை கொடுக்கும் நாளை முன்கூட்டியே சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி, அன்று எந்தப் பிள்ளையும் வீட்டில் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. மனம் வைப்பதே வேண்டும்.

அப்படியானால் பூண்டை என்ன செய்வது? எப்போதும்போல் உண்ணுங்கள். ரசத்தில் நசுக்கிப் போடுங்கள். குழம்பில் முழுதாய்ப் போடுங்கள். அதன் குணம் சிறிதேனும் மிஞ்ச வேண்டுமென்றால், நசுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு சூடாக்குங்கள். ஆனால் சில எச்சரிக்கைகள் அவசியம். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டை மிகுதியாகக் கொடுத்தால் குழந்தையின் வயிறு எரியும். பூண்டை அரைத்துத் தோலில் கட்டி வைத்தால் மெல்லிய தோல் வெந்து கொப்புளிக்கும்; சேற்றுப்புண்ணுக்கு அப்படிக் கட்டி, புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடும் இருதய நோயாளிகளும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், பூண்டை மருந்தளவில் உண்பதற்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வெளுத்துப் போனாலும், மண் தின்றாலும், நடந்தால் மூச்சு வாங்கினாலும் பூண்டை உரித்துக்கொண்டிராமல் உடனே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

மேலே நான் சொன்ன அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் தாய் இன்றும் ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுகிறார். பண்டிகை நாளில் பூண்டுக் குழம்பும் வைக்கிறார். ஆனால் அந்த வீட்டின் பின்புறம் இப்போது ஒரு கழிப்பிடம் இருக்கிறது. வாசலில் நான்கு ஜோடி செருப்பு இருக்கிறது. பள்ளியில் மாத்திரை கொடுக்கும் நாளில் இளைய மகன் காலையிலேயே உண்டு புறப்பட்டுவிடுகிறான். பூண்டு அதற்குரிய இடத்தில், அடுக்களையில், பெருமையோடு இருக்கிறது. ஒவ்வோர் அங்கத்தினர் வீடும் அவ்வாறே ஆக வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்த பிறகு, இந்த இரத்தக் கணக்கையும் ஒருவர் எழுந்து கேட்பாராக.